அலைச்சறுக்கு வீரன் பரணிதரன்

ஷ்யாமின் பயோடேட்டாவை வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்ததிலிருந்து பரணிதரனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. மோர் குடித்தாலும் அடங்காத எரிச்சல்.

இருவரும் செங்கல்பட்டில் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். ரிசார்ட்டுகளுக்கு மின்வேலை செய்யும் மாமல்லபுரத்துக் கம்பெனி ஒன்றில் ஒரே ஒரு வேலை. இருவருக்கும் இன்டர்வியூ. ஷ்யாம் அணுபுரத்துப் பையன், அப்பா விஞ்ஞானி. திறமை ஜெர்மன் மொழி, ப்ராஜெக்ட் ரோபோ, பொழுதுபோக்கு ட்ரோன். பாவி, போட்டோவில் கோட்டு வேறு!

பரணிதரனின் பயோடேட்டாவில் இருந்ததெல்லாம் அப்பா தனகோடியின் மைக் செட் கடையும், சின்ன வயதிலிருந்து திருவிழாக்களில் கம்பம் ஏறி சீரியல் செட் கட்டிய அனுபவமும்தான். கூச்சத்தோடு அதை அழித்தான்.

"இன்னாடா, நம்ம மைக் செட்டு பேரையே காணோம்?" தனகோடி செல்போனை எட்டிப் பார்த்தார்.

"அதப் போட்டா ஒயர்மேன் வேலைக்குத்தான் கூப்டுவாங்க நைனா."

"அம்மன் தேருக்கு நீ கட்ன லைட்டு மயிலு தோகைய விரிச்சிகினு ஆடுச்சே, அந்த ஷ்யாம் தம்பி வாயப் பொளந்துகினு நின்னானேடா!"

"கிண்டலா பாத்தான் நைனா. உனுக்குப் புரியாது."

அன்று சாயங்காலமே ஷ்யாம் போன் செய்தான். "மச்சான், சீரியல் செட்ல அந்த மயில் தோகை எப்படிடா விரியுது?"

இன்டர்வியூவை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது? வேண்டுமென்றே வெறுப்பேற்றுகிறான். பரணிதரன் பல்லைக் கடித்துக்கொண்டே ஆரம்பித்தான். ஆரம்பித்தால் அவனுக்கு நிறுத்த வராது, கன்ட்ரோலர் முதல் கட்டுக்கம்பி வரை சொல்லிவிட்டுத்தான் வைத்தான்.

வைத்த கையோடு ஜெர்மன் தனக்கும் தெரியும் என்று எழுதினான். ட்ரோனை மிஞ்ச வேண்டுமே! பொழுதுபோக்கு: கடல் அலைச்சறுக்கு. அதற்குப் போட்டோ வேண்டும். மறுநாள் கோவளம் போய், சர்ஃபிங் சொல்லித்தரும் ஜெபாவைப் பிடித்தான்.

"அண்ணாத்த, அலையப் பாரு! கேமராவப் பாக்காத!" என்று ஜெபா கத்தினான்.

பரணிதரன் கேமராவைத்தான் பார்த்தான். பலகை எகிறி மூக்கில் மோதியது. மூக்கு தக்காளியாக வீங்கியது.

அந்த மூக்கோடு இன்டர்வியூவுக்குப் போனான். ஷ்யாம் உள்ளே போய்விட்டு வெளியே வந்துகொண்டிருந்தான். கோட்டைக் காணோம். முழுக்கையை மடித்துவிட்டு, சட்டைப்பையில் ஒரு டெஸ்டர். எளிமையாம்! என்ன நடிப்பு என்று பரணிதரன் பொருமினான்.

உள்ளே மேனேஜர் சிவராம் கேட்டார். "மூக்குல என்ன தம்பி?"

"சர்ஃபிங்ல அடி சார். பெரிய அலை."

"அடடே! நானும் கோவளத்துல சர்ஃபிங் போறவன்தான். நீங்க எந்தப் பக்கம்?"

"கடல் பக்கம் சார்."

சிவராம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜெர்மன் தெரியுமாமே, ஏதாவது பேசுங்க."

ஒரு காரின் பெயரைத் தவிர எதுவும் வாயில் வரவில்லை. அதையே சொன்னான்.

"சரி, அதெல்லாம் விடுங்க. ரிசார்ட்ல கல்யாணம் நடந்துகிட்டிருக்கு, லைட் போயிடுச்சு. கம்பம் ஏறுவீங்களா?"

ஏறுவேன் என்பது நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரம் பார்த்து ஷ்யாமின் கோட்டுப் போட்டோ கண்ணில் நின்றது.

"சேச்சே, பழக்கமில்ல சார். அதுக்கெல்லாம் ஆள் வச்சிடுவேன்."

"நீங்க போகலாம்" என்றார் சிவராம்.

கேட்டருகே வாட்ச்மேன் மணி அவன் மூக்கைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"வேலை அந்த ஷ்யாம் தம்பிக்குத்தான் போலகீது. அது ஏதோ மயிலு தோகைய பத்தி சொல்லச் சொல்ல ஐயாவே அசந்துட்டாரு. பாவம் தம்பி, மைக் செட்டு வச்சிகினு கஷ்டப்பட்ற குடும்பமாம். சின்ன வயசுலேர்ந்து அப்பங்கூட கம்பம் ஏறி சீரியல் செட்டு கட்டியே வளந்த புள்ளயாமே!"