மடி வேஷ்டி கட்டிய பிணம்

மட்டாஞ்சேரி

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி சிவசங்கரன் அவர்களுக்கு ராமபத்ரன் அநேக நமஸ்காரம். தங்கள் குமாரர் சுதர்ஷன் இங்கே பரம சௌக்கியம். ஆகையால் மற்றவர்கள் சௌக்கியத்தைப் பற்றி எழுதுவதற்கில்லை.

வேலையை விட்டுவிட்டு என் வீட்டோடு வந்த மாப்பிள்ளை, கூடத்தில் திரை கட்டி, டிக்கெட் போட்டு, பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ச் சிரிப்புப் படங்களாகக் காட்டுவது தாங்கள் அறிந்ததே. ரத்தக்காட்டேரி வழுக்கி விழும், ஓநாய் மனுஷன் க்ஷவரம் பண்ணிக்கொள்ளும், ஊர் சுற்ற வந்த வெள்ளைக்காரர்களும் காலேஜ் பிள்ளைகளும் என் கூடத்தில் உருண்டு சிரிப்பார்கள். நான் சமையலறை மூலையில் சாயாவோடு வாயை மூடிக்கொண்டிருந்தேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்கு ஆள்வதற்கு அந்த மூலைதான் மிச்சம்.

நேற்று என் அப்பாவின் சிராத்தம். மடி வேஷ்டியை முதல் நாளே நனைத்து, ஒருத்தரும் தொடக்கூடாதென்று உயரக் கொடியில் உலர்த்தியிருந்தேன். காலையில் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து பார்த்தால் கொடி காலி. கூடத்திலே, உடம்பெல்லாம் கட்டுப் போட்ட எகிப்துப் பிணம் ஒண்ணு நின்னுண்டிருக்கு! துணிக்கடை பொம்மை ஒன்றுக்கு என் வேஷ்டியைக் கிழித்துத் தலையோடு கால் சுற்றியிருக்கிறார் தங்கள் குமாரர். கேட்டால், "யாருமே தொடலையே மாமா, வேண்டாத துணியாக்கும்னு நெனச்சேன்" என்கிறார். பம்பாயில் வளர்ந்த பிள்ளை! சம்பந்தி, பிணம் மடி, மடித்துணியில்லாத நான் விழுப்பு! இந்த நேரத்தில்தானா வைட்டிலாவிலிருந்து சாஸ்திரிகள் வந்து நிலைப்படியில் கால் வைக்கணும்? பொம்மையைப் பார்த்தார். "சவத்தை ஆத்துக்குள்ள வெச்சுண்டு சிராத்தமாக்கும்?" என்று வந்த ஆட்டோவிலேயே ஏறிப் போய்விட்டார். ஃபோனும் எடுக்கவில்லை. மத்தியானமும் தாண்டிப் போச்சு. அப்பாவுக்கு ஒரு பிண்டம்கூடப் போடலை. வயிறு எரியறது. என் பெண் ஸாதனாவோ, "அமாவாசைக்குப் பண்ணிக்கலாம்ப்பா" என்று புருஷன் பக்கம் பேசுகிறாள்.

சொந்த வீட்டிலேயே நான் ஒண்டுக்குடித்தனம். ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து தங்கள் குமாரரையும் அவருடைய பிணத்தையும் அழைத்துப் போகவும். சம்பந்தி அம்மாளுக்கு என் நமஸ்காரம். வீட்டோடு மாப்பிள்ளை வாய்க்காத பாக்கியத்தைப் பகவான் தங்களுக்கு என்றும் அருளட்டும்.

இப்படிக்கு,
ராமபத்ரன்

பி.கு.: இதை ஒட்டுமுன் மாப்பிள்ளையை நேரிலும் நாலு வார்த்தை கேட்கலாமென்று கூடத்துக்குப் போனேன். படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கிழ ரத்தக்காட்டேரி; அதன் மாளிகைக்குத் தங்க வந்த இரண்டு கோமாளிகள் அதன் சவப்பெட்டியில் அழுக்குத் துணியைப் போட்டு மூடிவிட்டார்கள். படுக்க இடமில்லாமல் அது மாடிப்படியில் உட்கார்ந்து அழுகிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். கேட்க வந்ததை மறந்து நானும் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் கரண்ட் போய்விட்டது, மீதி நாளைக்காம். தாங்கள் இப்போது வர வேண்டாம். அந்தப் பட மெஷினை ஓட்ட மாப்பிள்ளைக்குத்தான் தெரியும். பாவம், அந்தக் கிழத்துக்கு அதன் வீடு திரும்பக் கிடைக்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.