சித்திரையும் ஐந்தாவது முடிச்சும்

மழையைக் கண்டு பயப்படும் மனிதர் தர்மபுரி மாவட்டத்தில் ஒரே ஒருவர்தான். அவருடைய பண்ணையில் நான் பதினாறு வருடமாகப் பால் கறக்கிறேன்.

ஐப்பசியில் நன்றாக ஒரு மழை பெய்தால் ஊரே டீக்கடையில் கூடிச் சந்தோஷமாகப் பேசும். அவர் மட்டும் முகம் வாடி வருவார். "பேஞ்சிருச்சு. இனி எல்லாரும் மறந்துருவாங்க" என்பார். மறந்துவிடுவது சித்திரை மாதத்தை. கார்த்திகையில் எதிரே வருபவரிடம் நலம் விசாரிக்க மாட்டார். "சித்திரைக்கு மாட்டுக்கு என்னங்க வெச்சிருக்கீங்க?" என்றுதான் கேட்பார். அதனால் அவருக்கே சித்திரை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் ரேஷன் கடைக்கு வந்தால், "சித்திரை வந்துருச்சு, குடையை விரிங்கப்பா" என்று வரிசையில் ஒரு குரல் எழும்.

அரூர் ரோட்டோரம் அவர் பண்ணை. பதினோரு மாடு, ஒரு கிணறு, நான்.

கல்யாணத்துக்குப் போனால் அவர் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார். மாட்டுத் தீவனத்துக்கு ஆகுமே என்று வாசலில் கட்டிய வாழைமரத்தைப் பார்ப்பார். ஒருமுறை உள்ளே கெட்டிமேளம் கொட்டும்போதே வெளியே மரத்தை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். பெண்ணின் மாமன் ஓடி வந்தார்.

"ஏனுங்க, தாலி இன்னும் கழுத்துல ஏறலைங்க."

"நீங்க கட்டுங்க, நான் அவுக்கறேன். ஒண்ணுக்கொண்ணு இடைஞ்சல் இல்லீங்க."

அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்த கதை இதைவிட மோசம். பச்சை மக்காச்சோளத் தட்டையை நறுக்கிக் குழியில் கொட்டி, வெல்லத் தண்ணீர் தெளித்து, காற்றுப் புகாமல் மிதித்து மூடி வைப்பது அவர் வழக்கம். மூன்று மாதம் கழித்துத் திறந்தாலும் கெடாது. மாட்டுக்கு ஊறுகாய் என்பார். குழி பாதி நிறைந்திருந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். வேலையை நிறுத்தினால் தட்டை கெட்டுவிடும். "வாங்க சம்பந்தி, மிதிச்சுக்கிட்டே பேசுவோம்" என்றார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பனும் மகனும் குழியில் இறங்கினார்கள். அரை மணி நேரம் கழித்துச் சித்திரை வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "பையன் சீரா மிதிக்கறான். முடிச்சுறலாம்" என்று குரல் கொடுத்தார். முடிந்துவிட்டது.

இதெல்லாம் சிரிப்பதற்கு. அவர் சிரிக்காத காரியம் ஒன்று இருந்தது. முழத்துக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி, அமாவாசைதோறும் கிணற்றின் அடிவரை இறக்குவார். மேலே இழுத்து, நனைந்த முடிச்சுகளை எண்ணுவார். மார்கழி அமாவாசையில் ஐந்தாவது முடிச்சு நனையவில்லை என்றால் தை பிறந்ததும் மூன்று மாட்டைக் கொடுத்துவிட வேண்டும். மாடு உடம்போடு இருக்கும்போதே நல்ல கையில் சேர்க்க வேண்டும், மீதி எட்டுக்குத் தீவனம் தாங்கும் என்பது கணக்கு. "மழை வரும்னு நாம நெனச்சுக்கிட்டு இருக்கலாம்ப்பா. நெனப்பத் தின்னு மாடு பொழைக்குமா?" என்பார்.

ஒரு வருடம் மழை சரியில்லை. முடிச்சு நனையாவிட்டால் முதலில் போக வேண்டியது செவலைப் பசு. வயதானது, பால் வற்றிவிட்டது. நான் கன்றிலிருந்து வளர்த்தது. மனிதர்களிடம் பேச எனக்குக் கூச்சம், அதனிடம் பேசுவேன். வத்தல்மலையிலிருந்து ஒருவர் செவலையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மலையில் புல் உண்டு.

மார்கழியில் சித்திரைக்குக் கண் ஆபரேஷன். குனியக் கூடாது, வெயிலைப் பார்க்கக் கூடாது. கறுப்புக் கண்ணாடி போட்டுக் கட்டிலில் உட்கார்ந்தபடி, "நீ போயி கயித்த வுட்டுப் பாருப்பா" என்றார். போனேன். நான்கு முடிச்சு நனைந்திருந்தது. ஐந்தாவது எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது.

எனக்குப் பொய் சொல்ல வாய் வராது. அதனால் வழியில் மாட்டுத் தொட்டியில் அந்த ஐந்தாவது முடிச்சை முக்கிக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்தார்.

"நனஞ்சிருக்குதே."

நான் கயிற்றை வாங்கிச் சுருட்டினேன்.

"அப்பச் செவலை இருக்கட்டும்" என்றார்.

ஐந்து முடிச்சு நனைந்ததை நம்பித் தை அமாவாசையை விட்டுவிட்டார். மாசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரே அளந்தார். இரண்டு முடிச்சு. ஐந்து எப்படி இரண்டாகும் என்று மூன்று தரம் கயிற்றை இறக்கினார். அதற்குள் ஊரில் எல்லோரும் மாட்டைச் சந்தைக்கு ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். வாங்குவார் இல்லை. வத்தல்மலைக்காரர் வேறு மாடு பிடித்திருந்தார். எட்டு மாட்டுக்கே தாங்கும் குழித் தீவனத்தைப் பதினொன்று தின்றது. பங்குனியிலேயே தரை தெரிந்தது. தென்னோலையைக் கழித்துப் போட்டோம். கறக்கிற மாடுகளைக்கூட வந்த விலைக்குக் கொடுத்தார். செவலை ஒரு நாள் காலையில் படுத்தது, பிறகு எழவில்லை. நான் கொண்டுபோன தண்ணீரை நக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டது.

நான்கு மாடு மிஞ்சியது. டீக்கடையில், "சித்திரைக்கே சித்திரை வந்துருச்சே" என்றார்கள். அவர் பதிலுக்குச் சண்டை போட்டிருந்தால் எனக்குத் தேவலாம். "என் கணக்குலதான் எங்கியோ தப்பு. நம்பாதீங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். அதன் பிறகு கயிற்றை எடுக்கவில்லை. யாரையும் எதுவும் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் எல்லோரையும் போல வாழைமரத்தைத் தாண்டி உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். மூன்று வருடம் நான் வாயைத் திறக்கவில்லை.

போன ஐப்பசியில் நல்ல மழை. டீக்கடையில் பெஞ்சு நிறைய ஆட்கள். அவரும் ஓரமாக உட்கார்ந்து, "நல்ல மழைங்க" என்றார். அவ்வளவுதான். அவர் வாயில் அந்த வார்த்தை அப்படி வெறுமனே வந்து நின்றதை என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன்.

"அண்ணா, அன்னிக்கி அந்த முடிச்சத் தொட்டியில முக்குனது நான்தாங்ணா."

என் பக்கம் திரும்பினார்.

"செவலைக்காகவா?"

"ஆமாங்ணா."

"மலைக்குப் போயிருந்தா பொழச்சிருக்கும்ப்பா."

"ஆமாங்ணா."

டம்ளரைக் கீழே வைத்தார். விரலை மடக்கினார். "அப்ப மார்கழியில நாலு. மாசியில ரெண்டு." மறுபடியும் மடக்கிப் பார்த்தார். "அப்ப என் கணக்கு தப்பில்ல."

சட்டென்று எழுந்துவிட்டார். "ஏனுங்க, எல்லாரும் கேளுங்க. என் கணக்கு சரி. கயித்த நனச்சவன் இவன். நல்லாப் பாத்துக்கங்க இவன் மூஞ்சிய" என்று என் தோளைப் பிடித்து நடுக்கடையில் நிறுத்தினார். நான்கு பேர் பார்த்தாலே நான் மாட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அங்கே இருபது பேர் இருந்தார்கள். நான் நகரவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார், அவர் சிரித்து முடிக்கும்வரை அப்படியே நின்றேன்.