இஞ்சின் சத்தம் குறித்து மாமாவுக்கு எழுத்துமூலம் தெரிவிப்பது

மேலகரம்,
தென்காசி.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகள் முத்துசெல்வி பணிந்து வணங்கி எழுதுவது. இங்கே அத்தை நலம், பாப்பா நலம், வண்டி நலம். தாங்கள் போனில் விசாரிக்கும் வரிசைப்படி எழுதுவதானால் வண்டி நலம், பாப்பா நலம், அத்தை நலம். கோயம்புத்தூரில் உமா மதினி வீட்டில் தங்கள் இரண்டாவது கண் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் மிகுந்த சந்தோஷம். இன்னும் பத்து நாளைக்கு எதையும் உற்றுப் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் இந்தக் கடிதத்தை மதினியே தங்களுக்கு வாசித்துக் காட்டவும். மதினி, 'சிந்தெடிக்' என்ற சொல் வரும் இடங்களில் மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டியது. பாப்பாவுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. பேனாவை எடுத்தால் பேனாவைக் கடிக்கிறாள். போனில் சொல்லலாம் என்றால், "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தாங்கள் வைத்துவிடுகிறீர்கள். போலீசில் முப்பத்து நான்கு வருடம் ஜீப் ஓட்டி ஏட்டையாவாக ஓய்வு பெற்றவர் என்பதால், எதையும் எழுத்தில் கொடு என்பதும் தங்கள் உத்தரவு. ஆகவே எழுத்தில் தருகிறேன்.

மே மாதக் கடைசியில் ரயில் ஏறும்போது என் கையில் சாவியை வைத்து என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஏத்தா, இஞ்சின் சத்தம் இப்ப எப்பிடி இருக்கோ, நான் திரும்பி வாரப்பவும் அப்பிடியே இருக்கணும். மாறியிருந்துச்சுன்னா வண்டி வடகரைக்குப் போயிரும், இப்பவே சொல்லிட்டேன்." வடகரை என்றால் தங்கள் தம்பி சுடலைக்கண்ணு சின்னமாமா. நாலு வருடமாக நம் வண்டியின் பின்சீட்டைக் கழற்றித் தேங்காய் ஏற்ற வேண்டும் என்று கனவு காண்கிறவர். தங்கள் மகன் அஸ்ஸாமில் பட்டாளத்தில் இருக்கிறார். இங்கே சாரல் விழுந்தால் ஆட்டோக்காரர்கள் எல்லோரும் அருவிக்கரைக்குப் போய்விடுகிறார்கள். பாப்பாவுக்கு ஒரு இருமல் என்றால் நான்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம்தான் ஆகிறது. அந்தச் சாவி போனால் எனக்குக் கால் போன மாதிரி. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

தினமும் காலையில் பாப்பாவுக்குக் காய்ச்சல் பார்த்த கையோடு வண்டிக்கும் ஆயில் பார்த்தேன். அந்த நீளக் கம்பியை உருவி, பாப்பாவின் பழைய துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, எந்தக் கோடு வரை நிற்கிறது, என்ன நிறம் என்று ஒரு நோட்டில் குறித்து வந்தேன். தனியாக ஒரு நோட்டு போட்டிருக்கலாம். பாப்பாவின் நோட்டிலேயே எழுதியதால், தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸம்மா அதைப் புரட்டிப் பார்த்து, "கறுப்பா, கெட்டியா, கருகின வாடைன்னு எழுதியிருக்கீங்களே, எத்தனை நாளா இப்பிடிப் போகுது?" என்று கேட்டுவிட்டார். இல்லை, அது மாமா வண்டி என்று புரியவைக்க ஊசியை விட அதிக நேரம் ஆயிற்று. ஆனால் மாமா, நர்ஸம்மா கவலைப்பட்டது நியாயம்தான். ஆயில் அப்படித்தான் இருந்தது. மாற்ற வேண்டிய கிலோமீட்டரும் தாண்டியிருந்தது. தாங்கள் வரும்வரை பொறுத்தால் இஞ்சினுக்கு ஆகாது, பொறுக்காவிட்டால் எனக்கு ஆகாது. தங்கள் மகனிடம் போனில் கேட்டேன். "அப்பாட்ட கேட்டுக்கோ" என்றார். உடனே சிக்னல் போய்விட்டது. அந்த மலையில் சிக்னல் போவதற்கும் தங்கள் பெயர் வருவதற்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது.

செல்லப்பா அண்ணாச்சி பட்டறையில் நம் வண்டிக்கென்றே ஒரு பச்சை டின் இருப்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் தாங்கள் அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்து, மோந்து பார்த்து, "இதாம்லே ஆயிலு, விரல்ல நிக்குதுல்லா" என்று சொன்ன பிறகுதான் அவர் இஞ்சினுக்குள் ஊற்றுவார் என்றும் அத்தை சொல்லியிருக்கிறார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பாப்பாவுக்குப் பவுடர் வாங்கும்போதே டப்பாவின் பின்பக்கத்தை இரண்டு தடவை படிக்கிறவள் நான். முன்சீட்டு டேஷ்போர்டில் பிளாஸ்டிக் உறை பிரியாமல் இருந்த வண்டிக் கையேட்டைப் பிரித்தேன். (பதினொரு வருடமாகத் தாங்கள் பிரிக்காமல் வைத்திருந்ததைப் பிரித்ததற்குத் தனி மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.) அதில் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், செயற்கையாகத் தயாரிக்கும் சிந்தெடிக் ஆயில்தான் போட வேண்டும் என்று எண்ணோடு போட்டிருக்கிறது. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வருமா? நெட்டில் முந்நூறு பேர் எழுதிய அனுபவங்களை வாசித்தேன். அதில் நூற்றைம்பது பேர், போட்ட மறுநாளே வண்டி குழந்தை மாதிரி ஆகிவிட்டது என்றார்கள். வீட்டில் குழந்தை வைத்திருக்கிற எனக்கு அது ஆறுதலாக இல்லை. மீதிப் பேர் அந்த நூற்றைம்பது பேரைத் திட்டியிருந்தார்கள்.

அதனால் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு குற்றாலம் வேன் ஸ்டாண்டுக்கே போனேன். ஒரு பெண்பிள்ளை வந்து ஆயில் கேட்டதும் மொத்த ஸ்டாண்டும் கூடிவிட்டது. ஸ்டான்லி அண்ணன் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வேன் ஓட்டுகிறவர். "சிந்தெடிக் போட்டப்புறம் மலை ஏறி எறங்குனாலும் வண்டிக்கு மூச்சு வாங்கலம்மா, எனக்குத்தான் வாங்குது" என்றார். பக்கத்திலிருந்தவர், "அவன் பேச்சக் கேக்காதீங்க. பழைய வண்டில அத ஊத்துனா உள்ள இருக்க அழுக்கையெல்லாம் கழுவிட்டு, சீலு வழியா ஒழுக ஆரம்பிச்சிரும். ஒங்க வண்டி அழுக்குலதான் நிக்குது" என்றார். "ஒன் வேன் வேணா அழுக்குல நிக்கும், ஏட்டையா வண்டி அப்பிடியால?" என்று ஸ்டான்லி அண்ணன் பாய்ந்ததும் பேச்சு ஆயிலை விட்டு வேறு பக்கம் போய்விட்டது; நான் பாப்பாவின் காதைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் நானே சிந்தெடிக் டின் வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன், துணைக்கு அத்தையோடு. செல்லப்பா அண்ணாச்சி என் டின்னைப் பார்த்தார், அலமாரியில் இருந்த பச்சை டின்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எம்மா, அதுல பாத்தியன்னா ஒரு விசயம்..."

"ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணாச்சி" என்று நான் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த பதினொரு பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். காலேஜில் இரண்டாம் வருடம் கண்ணாடிக் குழாயில் எண்ணெயை விட்டு எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று அளந்த சோதனையையும் விளக்கினேன். கெட்டியாக இருந்தால் நல்ல ஆயில் என்பது தவறு, காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் மூலை முடுக்கெல்லாம் ஓடிப் போய்ச் சேர வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் சரிதாம்மா, ஆனா ஏட்டையா வண்டிக்கு..."

"மாமாட்ட நான் எழுத்துல குடுத்துக்கிடுதேன். நீங்க ஊத்துங்க."

அவர் புனலை எடுத்தார். முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு. தோல்வியை ஒப்புக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். புனல் வழியாகப் பொன் நிறத்தில் இறங்கியதை அத்தை எட்டிப் பார்த்து, "ஏட்டி, என்ன இது ரசம் மாதிரி ஓடுது? ஒங்க மாமா பாத்தா ஒன்னையும் என்னையும் சேத்துல்லா பட்டறையில விட்டுட்டுப் போயிருவாக" என்றார்கள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ரசமும் வைக்கவில்லை.

ஸ்டாண்டில் ஒழுகும் என்று சொன்னது மனதை அரித்துக்கொண்டே இருந்ததால் பாப்பாவின் ரப்பர் ஷீட்டை வண்டிக்கு அடியில் விரித்து வைத்தேன். காலையில் பார்த்தால் நடுவில் ஈரம். வடகரையிலிருந்து தேங்காய்ச் சத்தமே காதில் கேட்டது. தொட்டு, தேய்த்து, உங்களைப் போலவே மோந்தும் பார்த்தேன். சாரல் தண்ணீர். மூன்று நாள் விரித்தேன். மூன்று நாளும் ஒரு சொட்டு ஆயில் இல்லை. பாப்பாதான் ஷீட் இல்லாமல் மெத்தையை நனைத்தாள்.

இனிதான் முக்கியமான விஷயம். சின்னமாமாவுக்கு எப்படியோ செய்தி போய்விட்டது. புனலூரில் அவர் சம்பந்தி கட்டிய புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு நம் வண்டியிலேயே போகலாம் என்று செங்கோட்டையில் வந்து ஏறிக்கொண்டார். "நான் பாலுக்கு வரல, சத்தங் கேக்கத்தான் வாரேன்" என்று வாய்விட்டே சொன்னார். முன்சீட்டில் உட்கார்ந்து டேஷ்போர்டில் இடது காதை வைத்துக்கொண்டார். பின்னால் அத்தை மடியில் பாப்பா. புளியரை தாண்டுமுன்பே, "கேட்டியா, உள்ள ஒரு கர்ருங்கு சத்தம், இது அண்ணன் வண்டிச் சத்தமே இல்ல" என்றார். "அது உங்க செல்போன் சின்னமாமா" என்றேன். எடுத்துப் பார்த்து, தேங்காய் வியாபாரி என்று சொல்லி அணைத்து வைத்தார். அதற்கப்புறம் மலை வளைவு வந்தது. முன்னால் வைக்கோல் லாரி ஒன்று ஊர்ந்து போனது. நேராகத் தெரிந்த இடத்தில் ஹாரன் அடித்து மூன்றாவது கியரிலேயே தாண்டினேன். முன்பெல்லாம் அந்த இடத்தில் இரண்டாவது போட்டு, அத்தை முருகனைக் கூப்பிட்டு, வண்டி முனகிக்கொண்டுதான் ஏறும். இந்தத் தடவை யாரும் யாரையும் கூப்பிடவில்லை. என்ன இது, ஆட்சேபமே வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தால் சின்னமாமா டேஷ்போர்டில் காதை வைத்தபடியே தூங்கிக்கொண்டிருக்கிறார். பின்னால் பாப்பா தூக்கம், அத்தை தூக்கம். செக்போஸ்டில் கேரளா போலீஸ்காரர் குனிந்து பார்த்து, "எந்தா, எல்லாரும் உறக்கமா?" என்றார். இஞ்சின் அவ்வளவு அமைதி சார் என்றேன். ஆரியங்காவு கிட்டே சின்னமாமா திடுக்கிட்டு எழுந்து, "ஏத்தா, ஏன் வண்டிய ஆஃப் பண்ணிட்டே?" என்று கேட்டார். "ஓடிக்கிட்டுத்தான் இருக்கு சின்னமாமா" என்று நான் சொன்ன அந்த ஒரு நொடிக்காக இன்னும் நூறு பக்கம் படிப்பேன்.

புனலூரில் சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் முன்னால், பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது: "இது தேங்கா ஏத்துத வண்டியில்ல. இவ கையிலேயே இருக்கட்டும்." அத்தை சாட்சி. அன்று ராத்திரி அத்தை ரசம் வைத்தார்கள்.

ஆகவே மாமா, ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன். இஞ்சின் சத்தம் மாறிவிட்டது. நல்லபடியாக மாறிவிட்டது. உங்கள் நிபந்தனைப்படி நான் சாவியைக் கொடுக்க வேண்டும். வாங்க வேண்டியவரே வேண்டாம் என்றுவிட்டார். உங்கள் மேலுள்ள மரியாதைக்காக அந்தப் பச்சை டின்னை மிச்ச ஆயிலோடு நாளைக்கே வாங்கி வந்து, உங்கள் போலீஸ் மெடலுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை ரயிலுக்கு நானே வண்டியோடு ஸ்டேஷனுக்கு வருவேன். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள்ளுங்கள். பாப்பா உங்கள் போட்டோவைப் பார்த்து 'டுர்ர்' என்கிறாள். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் ஆசீர்வாதம் எனக்கும் வண்டிக்கும் என்றும் வேண்டும்.

இப்படிக்குத் தங்கள் அன்பு மருமகள்,
முத்துசெல்வி

பின்குறிப்பு: மதினி, இதை மாமா பிரஷர் மாத்திரை போட்ட பிறகு வாசியுங்கள். தபாலில் சேர்க்கும் முன் பச்சை டின்னை வாங்கிவிடலாம் என்று பட்டறைக்குப் போனேன். அண்ணாச்சி தர மாட்டேன் என்கிறார். நான் இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. காலி டின். "இதுல ஆயிலு எங்க அண்ணாச்சி?" என்றேன். "எம்மா, இந்த டின் ஆயிலு கடைக்கு வரது நின்னு ஆறு வருசமாச்சு. வேற டின்னப் பாத்தா ஏட்டையா வண்டிய எடுத்துட்டுப் போயிருவாக. அதான் நீ கொண்டாந்தேல்லா, அதே சிந்தெடிக்க இதுல மாத்தி வச்சு அவுக முன்னால ஊத்துவேன். தொட்டுப் பாத்து 'இதாம்லே ஆயிலு'ன்னுட்டுப் போவாக. அதே கம்பெனி, அதே நம்பரு. அன்னைக்கே சொல்ல வந்தேன், நீ பதினோரு பக்கம் வாசிச்சே" என்றார். நேரே வடகரைக்குப் போன் போட்டேன். சின்னமாமா முந்தின நாள் ராத்திரி முழுக்கத் தேங்காய் லோடு ஏற்றினாராம். பாப்பா மாட்டுவண்டியிலும் தூங்குவாள். முன்பு அந்த வளைவில் இரண்டாவது கியர் போட வைத்தது புதிதாக ஓட்டப் பழகிய என் பயம்தான். ஆக, நான் மேலே எழுதிய எதுவும் ஆயிலால் நடக்கவில்லை.

ஆனால் மாமா, ஆறு வருடமாக அதே ஆயில் என்றால், நான் எதையும் மாற்றவில்லை. மாற்றவில்லை என்றால் சத்தமும் மாறவில்லை. நிபந்தனை மீறப்படவில்லை, சாவி என்னிடமே இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் ஒரு சொட்டை உங்கள் விரலில் வைக்கிறேன். என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.