கழற்றிக் காட்டும் சகாதேவன்

மனிதர்களில் கழற்றிக்காட்டி என்று ஓர் இனம் உண்டு. மின்விசிறி ஓடினால் இவர்களுக்குப் போதாது. அது ஏன் ஓடுகிறது என்று தெரியாமலே நாம் காற்று வாங்குகிறோமே என்பதுதான் இவர்கள் கவலை. ஆகவே டேப் ரெக்கார்டர், சுவர்க் கடிகாரம், மாமனார் வீட்டு கிரைண்டர் என்று அகப்பட்டதையெல்லாம் கழற்றிப் பரப்பி, நம்மையும் பக்கத்தில் உட்காரவைத்து, காபி ஆறும்வரை விளக்குவார்கள். திரும்ப மாட்டுவது? அது வேறு இனம்.

அடி அண்ணாமலை கிராமத்துச் சகாதேவன் இந்த இனத்தின் தலைமகன். தொண்ணூற்றாறில் ஒரு பௌர்ணமி மாலை, பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் அவித்த வேர்க்கடலையைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு கிரிவலப் பாதைக்கு வந்தாள். பௌர்ணமி வியாபாரம் போனால் அவளுக்கு அந்த மாதமே போச்சு. வண்டிச் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது. சகாதேவன் காதில் தேன் பாய்ந்தது.

“நில்லு பச்சையம்மா. பேரிங்கு!”

“ரெண்டு சொட்டு எண்ண வுட்டா போதும்ணா.”

“எதுக்கு வுடறோம்னு தெரிய வாணாமா?”

தெரிய வேண்டாம் என்று அவள் சொல்வதற்குள் சக்கரம் கழன்றுவிட்டது. சகாதேவன் உள்ளங்கையில் இரும்புக் குண்டுகள் மின்னின. சுற்றி நாலு பேர் நின்றதும் அவருக்கு உச்சி குளிர்ந்தது.

“மலை அசையாம நிக்குதில்ல? அதான் அச்சு. சுத்தி அங்கப்பிரதட்சணம் பண்றாங்களே, அவங்கதான் குண்டு. குண்டு நடுவுல உருள்றதால அச்சும் சக்கரமும் ஒண்ணோட ஒண்ணு உராயாது. தேய்மானம் கம்மி. புரியுதா?”

“புரியுதுண்ணா, மாட்டு.”

“எப்படி உருளுதுன்னு பாரு!” என்று கையைச் சாய்த்தார். உருண்டன. வெறுங்காலோடு வந்த கூட்டத்துக்குள் உருண்டன. முதல் குண்டை மிதித்தவர் “அரோகரா!” என்று அலறியது பக்தியால் அல்ல. மிச்சம் சாக்கடையில் விழுந்தது.

சகாதேவன் வெறுங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மெல்ல நழுவப் பார்த்தார். பச்சையம்மாள் வேர்க்கடலையைக் கூடையில் அள்ளி அவர் தலையில் ஏற்றினாள்.

“சக்கரம் இல்ல. நீ நடண்ணா.”

நடந்தார். கழுத்து இற்றுப்போனது, மானம் போனது. இனி ஜென்மத்துக்கும் ஒரு திருகாணியைத் தொடுவதில்லை என்று மலையைப் பார்த்துச் சத்தியமே செய்தார். அப்போது ஒருவர், “கடலை நல்லா வெந்திருக்குதா?” என்று கேட்டுத் தொலைத்தார்.

சகாதேவன் கூடையை இறக்கிவைத்தார். ஒரு கடலையை எடுத்து, மெதுவாகத் தோலைப் பிரித்தார்.

“உள்ள எப்படி வேகுதுன்னா...”

பின்னால் பச்சையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

சிரிக்கிறீர்களா? ‘அங்கப்பிரதட்சண உதாரணம் சரியில்லை, பேரிங் உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்றால்’ என்று உங்கள் நாக்கு இப்போதே துறுதுறுக்கிறதே, அதைக் கவனித்தீர்களா? அந்த ஸ்க்ரூடிரைவரை முதலில் கீழே வையுங்கள்.