ஏழாம்நாள் ஃபிட்டரும் நின்றுபோன கம்ப்ரஸரும்

ராஜபாளையத்தில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் வரை தேடினாலும், சும்மா இருக்கத் தெரிந்த ஆள் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் சும்மா இருப்பதுபோல் நடிக்கிறவர்கள்.

பேண்டேஜ் துணி நெய்யும் எங்கள் மில்லில் அவர் ஃபிட்டர், நான் சூப்பர்வைசர். அவருக்கு 'ஏழாம்நாள்' என்று பட்டப்பெயர். சனிக்கிழமை பொழுது அடைந்ததும் ஸ்பேனர்களைத் துணியில் சுற்றி வைத்துவிடுவார். திங்கள் விடியும்வரை ஒரு திருகாணியைத் தொடமாட்டார். சர்ச்சில் அவர் தலைக்கு மேலே ஒரு ஃபேன் மூன்று வருஷமாகக் கடகடத்தது. எந்த போல்ட் லூஸ் என்று அவருக்குத் தெரியும். மற்ற நாளில் போய் முடுக்கலாமே என்றால், "மத்த நாள்ல அது சத்தம் போடலையே தம்பி" என்பார். மற்ற நாளில் அந்த ஃபேனை யாரும் போடுவதே இல்லை.

நான் நேர் எதிர். லாரி சொன்ன நேரத்துக்கு வந்தால்கூட, ஏன் வந்தது என்று கவலைப்படுகிறவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மில்லின் கம்ப்ரஸர் நின்றுபோனது. அதிலிருந்து காற்று வராவிட்டால் ஒரு தறியும் ஓடாது. திங்கட்கிழமை லோடு ஏறவேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார். வேறு ஆள் என்றது என் நாற்காலிக்கு. அந்தக் கம்ப்ரஸரின் குணம் தெரிந்த ஒரே மனிதரோ பக்கத்து ஊர் மம்சாபுரத்தில் தம் வீட்டில் ஓய்வில் இருந்தார். தூக்கம் கண்ணை அழுத்த, பைக்கை எடுக்கப் பயந்து பஸ்ஸில் போனேன். லஞ்சமாக அரைக் கிலோ பால்கோவா.

வாசலிலேயே அவர் மனைவி, "அவிய இன்னைக்கு இல்ல தம்பி" என்றார். நாலடி தள்ளி நாற்காலியில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தவர், "ஆமா, இல்ல" என்று ஆமோதித்தார்.

பால்கோவாவை மட்டும் வாங்கிக்கொண்டார். தின்பது வேலையில் சேராதாம்.

மில்லில் ஒருவரிடம் கேட்டு நான் ஒரு பைபிள் வசனம் தயார் செய்திருந்தேன். "ஓய்வுநாள்ல கிணத்துல மாடு விழுந்தா தூக்கலாம்னு ஏசுவே சொல்லிருக்காராம்ல, அண்ணாச்சி?"

"சொல்லிருக்காரு. கம்ப்ரஸர் எந்தக் கிணத்துல விழுந்துச்சு?"

"நான் இல்லாட்டி அங்க எல்லாம் நின்னுபோகும்."

"அதான் நின்னுபோச்சே. நீயும் செத்த நேரம் நில்லு."

நிற்க முடியவில்லை. நெஞ்சை யாரோ பாவு நூலால் சுற்றி இறுக்குவதுபோல் இருந்தது. இடது கை மரத்தது, சட்டை நனைந்தது. திண்ணமாகச் சாகப்போகிறேன் என்று தெரிந்ததும், சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லச் சொன்னேன். முதலில் முதலாளி பெயர், அடுத்து லாரி டிரைவர், மூன்றாவதாக மனைவி. இந்த வரிசை பிறகு வீட்டுக்குத் தெரிந்துபோனது தனிக்கதை.

ஏழாம்நாள் எழுந்தார். அவருடைய பைக் செயின் சனிக்கிழமையே கழன்று, பொழுது அடைந்துவிட்டதால் அப்படியே கிடந்தது. துணியை அவிழ்த்து ஸ்பேனரை எடுத்தார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். வெள்ளை வேட்டியெல்லாம் கிரீஸாக, ஐந்தே நிமிஷத்தில் செயினை மாட்டி, நடுவில் என்னையும் பின்னால் பிடித்துக்கொள்ளத் தம் மனைவியையும் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார்.

ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. கடைசியாக எப்போது தூங்கினேன், எப்போது சாப்பிட்டேன் என்று டாக்டர் கேட்டார். இரண்டுக்கும் சரியாகப் பதில் தெரியவில்லை. படுக்கச் சொன்னார். விழித்தபோது சாயங்காலம். பக்கத்து ஸ்டூலில் அவர், கையைக் கட்டிக்கொண்டு, மில்லில் ஒரு மெஷினுக்கும் காட்டாத கவனத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மில் என்ன ஆனதோ என்றேன்.

"ஆறு நாள் படைச்சவரே ஏழாம் நாள் உக்காந்து, நல்லாருக்குன்னு பாத்துக்கிட்டிருந்தாரு. நீ அவரவிட பிஸியோ? ஓய்வுன்னா சோம்பிக் கெடக்குறது இல்ல தம்பி. உலகத்த நான் தாங்கல, அவரு தாங்குறாருன்னு ஒத்துக்கிறது."

திங்கட்கிழமை இருபது நிமிஷத்தில் கம்ப்ரஸரை ஓடவிட்டார். லோடு ஒரு நாள் தள்ளிப் போனது. முதலாளி ஒரு மணி நேரம் ஏசினார். நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் நான் சும்மா இருக்கவில்லை. செயினை மாட்டினீர்களே, அது மட்டும் வேலை இல்லையா என்று குத்தலாகக் கேட்டேன்.

"வேலைன்னா திங்கக்கிழமைக்குத் தள்ளிருப்பேனே" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் மம்சாபுரம் பஸ் ஏறிவிடுகிறேன். இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம், பெரிதாகப் பேச்சு ஒன்றும் இருக்காது. ஒரு வாரம் நான் போகவில்லை என்றால், அவர் மனைவி சொல்கிறார், பஸ் வரும்போதெல்லாம் தெருவைப் பார்ப்பாராம்.