என் சகலனின் தண்ணீர்த் தாங்கி

புயலில் கிணறுகள் எல்லாம் உப்பாகிப்போன ஒரு தீவுக்குக் கொண்டுபோன தண்ணீர்த் தாங்கியைக் கடலில் விழுத்தியவன் நான்தான். பொறாமையால் செய்தேன். (அலை செய்ததென்று அன்று சொன்னது பொய்.)

தாங்கி என் சகலன் நஸீருடையது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். பாலாவியில் இரும்புக்கடை வைத்திருக்கிறான். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். என்னிடம் படித்தபோது கணக்கில் ஒருமுறைகூடச் சித்தியடையாத அவனைப் பற்றித்தான் வீட்டில் எந்நேரமும் கதை. தீவுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எழுத இரண்டு பெட்டி கொப்பி வாங்கியிருப்பதாக மனைவியிடம் சொன்னேன்.

"நஸீர் தண்ணி டாங்கி குடுக்கிறாராம். நீங்க கொப்பியா? அதக் கரைச்சா குடிக்கிற?" என்றாள்.

கற்பிட்டியில் ஆளுயரக் கறுப்புத் தாங்கியைப் படகின் நடுவில் ஏற்றிக் கட்டினார்கள். பின்னால் இயந்திரத்தடியில் படகோட்டி பாயிஸ். பக்கத்தில் தண்ணீர்க் கேன்களில் தலைசாய்த்து நஸீர். முன்பக்கத்தில் நானும் கொப்பிகளும். தாங்கியில் வெள்ளை எழுத்தில் 'அல்ஹாஜ் நஸீர் குடும்பத்தின் அன்பளிப்பு' என்று எழுதியிருந்தது. வழி நெடுக அந்தப் பெயர் என் மூக்குக்கு நேரே ஆடிக்கொண்டு வந்தது.

தீவு தெரிந்தது. தாங்கியைச் சற்றே திருப்பிவிட்டால் பெயர் பின்பக்கம் போய்விடும். கரையில் நிற்பவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. (எழுபதை நெருங்கும் வயதில் உதித்த யோசனை.) தாங்கி மறைத்ததால் பின்னாலிருந்த இருவருக்கும் நான் தெரியவில்லை. முடிச்சை அவிழ்த்தேன். காற்று வெறுந்தாங்கியை ஒரே தூக்காகத் தூக்கிக் கடலில் போட்டது. கயிறு போய் இயந்திர விசிறியில் சுற்றிக்கொள்ள, இயந்திரம் இருமி நின்றது.

"யா அல்லாஹ்! என்னா நடந்த?" என்று எழும்பினான் நஸீர்.

"அல அடிச்சி கயிறு கழண்டுட்டு."

"நான் கட்டின முடிச்சி கழராதே சேர்," என்றான் பாயிஸ்.

"அது கடலுக்குத் தெரியுமா?" என்று அதட்டினேன். (பழைய வாத்தியார்க் குரல் அப்போதும் கைகொடுத்தது.)

நஸீர் யாரையும் ஏசவில்லை. "படகுல போற நல்ல தண்ணிய ஊத்தி வைக்க அதுகளுக்கு ஒண்டுமில்லையே நானா," என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். (நானா என்றால் அண்ணன்.) தாங்கி உருண்டு உருண்டு அலைகளுக்குள் மறைந்தது. நான் என் இரண்டு கொப்பிப் பெட்டிகளையும் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

பாயிஸ் கயிற்றை வெட்டி எடுக்க வெகுநேரமாயிற்று. அதற்குள் அலை ஏறி என் கொப்பிகள் ஊறிவிட்டன. ஒருவழியாகக் கரை சேர்ந்தால், அங்கே ஊரே திரண்டு நிற்கிறது. நடுவில் தாங்கி! ஒரு கீறலும் இல்லை. பெயர் எல்லோருக்கும் தெரியும்படி நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

"ஹாஜியார், நீங்க வர முந்தியே டாங்கி தானா வந்திட்டு!" பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் நஸீரைக் கட்டிப்பிடித்தார். "இது கராமத்!" (இறைநேசர்களுக்கு வாய்க்கும் அற்புதத்தை அப்படித்தான் சொல்வோம்.)

சில மாதங்கள்தான் பொறுக்க முடிந்தது. பெருநாளன்று குடும்பம் கூடியிருக்கையில் எல்லாவற்றையும் சொல்லி நஸீரிடம் மன்னிப்புக் கேட்டேன். மனைவிதான் முதலில் வாய் திறந்தாள்.

"இவ்வளவு நாளும் பொறாமப்பட்டது காணாதா? இப்ப கராமத்துலயும் பங்கு கேக்கிறீங்களா?"

நஸீர் என் தோளில் கைபோட்டான். "நீங்க அவுத்தது சரி நானா. கரைக்குத் தள்ளினது யாரு?"

புதுக் கொப்பிகளோடு தீவுக்கே போய் மோதினாரிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தலையில் கைவைத்து, பொறாமை நீங்க ஓதி ஊதினார்.

இப்போதும் தீவிலிருந்து படகு வரும்போதெல்லாம் நஸீருக்கு ஒரு பார்சல் கருவாடு வருகிறது. பாதியை அவன் எங்களுக்கு அனுப்பிவிடுகிறான். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'கராமத்துக் கருவாடு'. பேரப்பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எனக்கென்று பெரிய துண்டாகப் பார்த்து வைக்கிறார்கள். நல்ல ருசி. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.