சிலேட்டை மிதித்த நந்தி

1907-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் மெத்தப் படித்தவர் யார் என்று கேட்டால், சிராங்கூன் சாலையில் எல்லாரும் ஒரே பக்கம் கை காட்டினார்கள். அங்கே ஒரு காளை அசைபோட்டுக்கொண்டு நின்றது.

பெயர் கணித நந்தி. எந்தக் கணக்கைக் கேட்டாலும் காலால் தரையைத் தட்டி விடை சொல்லும். அதன் சொந்தக்காரர் வடிவேலு சுவாமி. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது வெறும் வடிவேலு, இறங்கும்போது சுவாமி. கடல்காற்று அப்படி!

கணக்கு வராத, எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளின் சிலேட்டை நந்தி ஒருமுறை மிதித்தால் போதுமாம், படிப்பு தானாக ஏறிவிடுமாம். காணிக்கை இருபது காசு. சிலேட்டு உடைந்தால் தோஷம் உடைந்ததாக அர்த்தம். புதுச் சிலேட்டு சுவாமியிடமே கிடைக்கும். ஒரே ஒரு நிபந்தனை: மிதித்த சிலேட்டில் நாற்பத்தொரு நாள் எழுதக் கூடாது. எழுதினால் சக்தி அழிந்துவிடும்!

விபூதி பூசியவர், தொப்பி போட்டவர், சிலுவை அணிந்தவர் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஊரை ஒற்றுமைப்படுத்திய பெருமையும் மாட்டுக்கே.

அந்த வரிசையில் கிடங்குக் குமாஸ்தா ஆம்ப்ரோஸும் நின்றார். மகள் ஜோசபின் மூன்றாம் வகுப்பில் ஒருமுறை தவறியவள். இன்னொரு முறை தவறினால் பள்ளிக்கூடத்தில் பேரை அடித்துவிடுவார்கள். பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. குளம்பு பட்ட சிலேட்டு வீட்டுச் சுவரில் பத்திரமாகத் தொங்கியது.

"என்னங்க, எழுதாம பிள்ளை எப்படிக் கணக்குப் போடும்?" என்றாள் மனைவி அந்தோனியம்மாள்.

"நீ சும்மா இரு அந்தோனி. ஒரு மாடே கணக்குப் போடுது. நம்ம பிள்ளை போடாதா?"



அந்தோனியம்மாள் சிலேட்டைத் தொடவில்லை. கணவர் வேலைக்குப் போனதும் புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பினாள்.

"பன்னிரண்டு இருக்கு. அஞ்சை நான் எடுத்துக்கிட்டேன். மிச்சம்?"

"விரலை வச்சு எண்ணலாமாம்மா? டீச்சர் அடிப்பாங்க."

"இங்க யாரும் அடிக்க மாட்டாங்க. மெதுவா எண்ணு."

கடைத்தெருவுக்குப் போகும் வழியில், மளிகைக்காரர் யாக்கூப்பின் கடைப் பலகையை மகளை எழுத்தெழுத்தாகப் படிக்க வைத்தாள். அடுத்த வாரம் பக்கத்துக் கடைப் பலகை.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது சுவாமி புது அருள்வாக்குச் சொன்னார். "பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாதீங்க. நந்தி காலடியில உட்கார வைங்க!" ஆம்ப்ரோஸ் மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினார். அந்தோனியம்மாளும் மூடிய கையோடு பின்னாலேயே போனாள்.

"சாமி, நந்திக்கு ஒரு கணக்கு." மாட்டின் மூஞ்சிக்கு நேரே மட்டும் கையை விரித்துக் காட்டிவிட்டு மூடிக்கொண்டாள். "எத்தனை கொட்டைன்னு கேட்டுச் சொல்லுங்க."

"முதல்ல எனக்குக் காட்டும்மா!"

"உங்களுக்கு எதுக்கு சாமி? கணக்குப் போடறது நீங்களா, மாடா?"

வரிசையில் நின்ற சம்சுன்னிசா சிரித்துவிட்டாள். "நியாயமாத்தானே கேட்கறாங்க!"

வேறு வழியில்லை. நந்தி தட்ட ஆரம்பித்தது. இத்தனை நாளும் சரியான எண் வந்ததும் சுவாமி மூக்கணாங்கயிற்றை மெல்லச் சுண்டுவார், மாடு நின்றுவிடும். இன்று எந்த எண்ணில் சுண்டுவது? அவர் முழித்தார். மாடு தட்டிக்கொண்டே இருந்தது. ஜோசபின் உரக்க எண்ணினாள். பத்து தாண்டியது, இருபது தாண்டியது. முப்பத்தொன்றில் சுவாமி பயந்துபோய்க் கயிற்றைச் சுண்டினார். எல்லாரும் பார்க்கச் சுண்டினார்.

அந்தோனியம்மாள் கையை விரித்தாள். ஏழு கொட்டை.

"திருஷ்டி பட்டுடுச்சு..." என்று இழுத்தார் சுவாமி.

ஜோசபின் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். "அப்பா, மாடு இருபத்திநாலு தடவை கூடுதலாத் தட்டிடுச்சு."

ஆம்ப்ரோஸ் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. மகளை ஒருமுறை பார்த்தார், மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு வீட்டுக்கு நடந்து, சுவரிலிருந்த சிலேட்டை இறக்கி, குளம்புத் தடத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார்.

"எழுதும்மா" என்று மகளிடம் நீட்டினார்.

நந்தியின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கயிற்றைச் சுண்டினால் நிற்கும், அது மாடு. மூக்கில் கயிறே இல்லாமல் வரிசையில் போய் நின்றவர்கள் யார்? விடையைக் காலால் தட்ட வேண்டாம். தலை இருக்கிறது, அதைக் கொண்டு யோசித்தால் போதும்.